ஏட்டுச் சுரைக்காயும் கோர்ட்டு டிக்கிரியும்

பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், வீட்டுப் பத்திரம், நிலப் பட்டா, பிள்ளைகளின் ஜாதகம் ஆகியவற்றோடு சேர்த்துப் பெட்டியின் அடியில் வைத்துப் போற்றப்படும் காகிதங்களுள் கோர்ட்டு டிக்கிரியின் நகலும் ஒன்றாக இருப்பதுண்டு. தஞ்சையிலோ, நெல்லையிலோ, சேலத்திலோ உறவினர்க்கோ நண்பர்க்கோ கொடுத்த கடனுக்காகப் புரோநோட்டின் பேரில் வழக்குத் தொடுத்து, வாய்தாவுக்கு வாய்தா விடுமுறை எடுத்து ரயில் ஏறிச் சென்று, இறுதியில் வென்று வாங்கிவந்த காகிதம் அது. ஆனால் தீர்ப்புக் கிடைத்தவுடன் பணமும் கிடைத்துவிடுவதில்லை. கடன்பட்டவர் தாமாகக் கட்டாவிடில், தீர்ப்பை நிறைவேற்றித் தரும்படி மறுபடியும் கோர்ட்டில் மனுச் செய்தல் வேண்டும். அதற்கு மீண்டும் விடுமுறை ஏது? வக்கீலுக்கு எழுதும் கடிதங்கள் குறைகின்றன, ஆண்டுகள் ஓடுகின்றன, காகிதம் மட்டும் பெட்டியில் கிடக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி இத்தகைய டிக்கிரிக்கு முற்றும் பொருந்தும்.

இது இன்று தோன்றிய குறை அன்று. 1872-ஆம் ஆண்டிலேயே, தர்பங்கா ஜமீன் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில், லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில், இந்நாட்டில் வழக்காடுவோரின் தொல்லைகள் டிக்கிரி பெற்ற பின்னரே தொடங்குகின்றன என்னும் கருத்தை வெளியிட்டது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, 2021-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு, நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், காலம் நீடித்தால் அதற்குரிய காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. 2025-இல், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் அக்கட்டளையை மீண்டும் வலியுறுத்தி, நாடெங்கும் நிலுவை எவ்வளவு என்று கணக்குக் கேட்டபோது, 8 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறைவேற்று மனுக்கள் முடியாமல் கிடப்பது தெரியவந்தது.

ஊரில் இருப்பவர்க்கே நிலைமை இதுவானால், ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர் என் செய்வார்? அவர் முன் உள்ள வழிகளுள் ஒன்று, டிக்கிரியால் தமக்குக் கிடைத்த உரிமையை, வசூல் செய்யும் வசதியுள்ள மற்றொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிடுதல். ஊரிலுள்ள தம்பிக்கு அதைக் கொடுக்கலாம், தாம் பட்ட கடனுக்கு ஈடாகக் கொடுக்கலாம், விலைக்கும் கொடுக்கலாம். பழைய பத்திர எழுத்தர்கள் இதனை ‘டிக்கிரி மேடோவர்’ என்று எழுதுவார்கள். இவ்வுரிமை மாற்றம் சட்டம் ஒப்புக்கொண்ட ஒன்றே. ஆயினும் இதன் முறை அறியாமல் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருசேர நஷ்டப்படுவதுண்டு. இதை எழுதுபவன் வக்கீல் அல்லன். ரயில்வேயில் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் குமாஸ்தா. கோர்ட்டுகளிலிருந்து வரும் ஜப்தி உத்தரவுகள் என் மேஜையைக் கடந்தே போகின்றன. அந்தப் பழக்கத்தாலும் சட்ட நூல்களைப் புரட்டியதாலும் அறிந்தவற்றை நம் குடும்பங்களுக்குப் பயன்படும் அளவில் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

டிக்கிரியும் ஒரு சொத்தே

வழக்கில் வென்றவரை ‘டிக்கிரிதாரர்’ என்றும், கொடுக்கக் கடமைப்பட்டவரைத் ‘தீர்ப்புக் கடனாளி’ என்றும் சொல்வது வழக்கம். டிக்கிரிதாரர் கையிலுள்ள உரிமை, நிலமும் வீடும் நகையும் போலவே ஒரு சொத்தாகும். சொத்தாதலின், அதனை மற்றொருவருக்குக் கொடுக்கலாம். சொத்தாதலினாலேயே, டிக்கிரிதாரர் வேறு யாருக்காவது கடன்பட்டிருந்தால், அவர்கள் அந்த டிக்கிரியையே ஜப்தி செய்யவும் இடமுண்டு.

இவற்றுக்கெல்லாம் ஆதாரமாயிருப்பது 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம். அதன் 21-ஆவது கட்டளையில் 16-ஆவது விதியே நம் பொருளுக்கு மூலமாகும். டிக்கிரி எழுத்து மூலமாகவோ, சட்டத்தின் இயக்கத்தினாலோ ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாறினால், பெற்றவர் அந்த டிக்கிரியைக் கொடுத்த கோர்ட்டில் மனுச் செய்து, முதல் டிக்கிரிதாரரைப் போலவே, அதே நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதனை நிறைவேற்றிக்கொள்ளலாம் என்பது அவ்விதியின் சாரம். டிக்கிரி இருவர் மூவருக்குக் கூட்டாகக் கிடைத்திருந்தால், ஒருவர் தம் பங்கை மட்டும் மாற்றிக் கொடுக்கவும் இடமுண்டு.

எல்லா டிக்கிரியும் இப்படிக் கைமாறக்கூடியதன்று. மனைவிக்கோ பெற்றோருக்கோ இனிமேல் மாதந்தோறும் வரவேண்டிய ஜீவனாம்ச உரிமையை, அது கோர்ட்டுத் தீர்ப்பினால் ஏற்பட்டதாயினும், மாற்றிக் கொடுக்கச் சொத்து மாற்றுச் சட்டம் இடந்தரவில்லை. ஆதரவற்ற பெண்ணொருத்தி அவசரத்துக்கு ஆயிரங்களை வாங்கிக்கொண்டு, வாழ்நாளெல்லாம் வரவேண்டியதை இழந்துவிடலாகாது என்பதை எண்ணிப் பார்த்தால், இத்தடையின் நியாயம் விளங்கும்.

எழுத்தும் கோர்ட்டின் ஒப்புதலும்

“தம்பி, இனி அந்தப் பணம் உன்னுடையது, நீயே வசூலித்துக்கொள்” என்று தொலைபேசியில் சொல்லிவிட்டால் டிக்கிரி மாறிவிடாது. விதி கேட்பது எழுத்து. பத்திரத்தில் கோர்ட்டின் பெயர், வழக்கு எண், டிக்கிரியின் தேதி, கட்சிக்காரர்களின் விவரம், டிக்கிரித் தொகை, இதுவரை வசூலானது, மீதி நிற்பது, மாற்றிக் கொடுப்பதற்குப் பெற்ற பிரதிபலன் ஆகிய அனைத்தும் ஐயத்துக்கு இடமின்றி இருத்தல் நலம். உரிய முத்திரைத்தாளில் எழுத வேண்டும். முத்திரைக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், வசிக்கும் ஊரில் எழுதி ஊர்க் கோர்ட்டில் தாக்கல் செய்ய நினைப்பவர்கள் முன்கூட்டியே வக்கீலைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அடமான டிக்கிரி முதலியவற்றைப் போல, நிலத்திலோ வீட்டிலோ 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள உரிமையைத் தருகிற டிக்கிரியானால், மாற்றும் பத்திரத்தைக் கட்டாயம் ரிஜிஸ்டர் செய்ய வேண்டும். வெறும் பண டிக்கிரிக்கு அக்கட்டாயம் இல்லை.

பத்திரம் எழுதியது பாதி வேலையே. வாங்கியவர் அதனோடு கோர்ட்டுக்குச் சென்று நிறைவேற்று மனுத் தாக்கல் செய்தல் வேண்டும். உடனே கோர்ட்டு, மாற்றிக் கொடுத்தவருக்கும் தீர்ப்புக் கடனாளிக்கும் நோட்டீஸ் அனுப்பும். அவர்களுக்கு ஆட்சேபனை இருந்தால் அதைக் கேட்டு முடிவு செய்யும் வரையில் டிக்கிரியை நிறைவேற்றக் கூடாது என்பது விதியின் கண்டிப்பான வாசகம். “நான் எழுதித் தரவே இல்லை” என்று ஒருவரும், “நான் முன்பே கட்டிவிட்டேன்” என்று மற்றவரும் சொல்லக்கூடும் அல்லவா? யாரோ ஒரு மூன்றாம் மனிதர் வந்து நின்று, “இனி எனக்குக் கொடு” என்று கேட்கும்போது, அது உண்மையா என்று அறிந்த பிறகே கோர்ட்டு தன் அதிகாரத்தை அவர் கையில் கொடுக்கிறது.

வசூலை ஒருவரிடம் ஒப்படைப்பது வேறு, உரிமையையே கொடுத்துவிடுவது வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பணம் நமக்கே சேர வேண்டும், கோர்ட்டு வேலையை மட்டும் தம்பி பார்த்தால் போதும் என்பவர், டிக்கிரியை மாற்றிக் கொடுக்கத் தேவையே இல்லை. பவர் பத்திரம் ஒன்று எழுதி அவரை முகவராக்கினால் போதும். டிக்கிரி நம் பெயரிலேயே நிற்கும். மேடோவர் செய்துவிட்டாலோ, பிறகு வரும் பணம் சட்டப்படி தம்பியுடையது. நாளைக்கு மனஸ்தாபம் நேருமாயின், “பெயருக்குத்தானே எழுதிக் கொடுத்தேன்” என்னும் பேச்சு எளிதில் எடுபடாது.

கொடுத்தவர் நின்ற இடத்தில் வாங்கியவர்

இவ்விஷயத்தில் மனத்தில் பதிக்க வேண்டிய மூலக்கருத்து, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 49-ஆவது பிரிவில் இருக்கிறது. முதல் டிக்கிரிதாரருக்கு எதிராகக் கடனாளி எந்த நியாயங்களைக் காட்டியிருக்கக்கூடுமோ, அவை அத்தனைக்கும் உட்பட்டே வாங்கியவரும் டிக்கிரியை வைத்திருக்கிறார் என்கிறது அப்பிரிவு. கொடுத்தவரிடம் இல்லாத எதுவும் வாங்கியவருக்கு வந்து சேராது.

உதாரணமாக, ராமன் என்பவருக்குச் சோமன் 1,00,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று ஒரு டிக்கிரி. அதே கோர்ட்டில் வேறொரு வழக்கில் ராமன் சோமனுக்கு 40,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று மற்றொரு டிக்கிரி. ராமனிடமிருந்து கோபாலன் தம் கைப்பொருளைக் கொடுத்து முதல் டிக்கிரியை வாங்குகிறார். ஒரு லட்சமும் தமக்கே என்று அவர் கணக்கிட்டால் ஏமாற்றமே. இரண்டு டிக்கிரிகளும் நிறைவேற்றத்துக்கு ஒரே கோர்ட்டின் முன் வரும்போது, ஒன்றுக்கொன்று கழித்து மீதி 60,000 ரூபாய்க்கே வசூல் நடக்கும். டிக்கிரி கைமாறியிருந்தாலும் இக்கழிவு உண்டு என்று 21-ஆவது கட்டளையின் 18-ஆவது விதி விளக்கமாகவே சொல்லிவிட்டது.

அப்பீலும் அப்படியே. மேல் கோர்ட்டில் டிக்கிரி ரத்தாகிவிட்டால், வாங்கியவர் கையில் இருப்பது வெற்றுக் காகிதம். வசூலித்த பணத்தையும் திருப்பிக் கொடுக்க நேரிடும். சட்டமே கடனைக் குறைப்பதும் உண்டு. 1938-இல் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தபோது, அதற்கு முன் பெற்ற டிக்கிரிகளையும் அச்சட்டப்படி குறைத்துத் திருத்தும்படி விவசாயிகள் கேட்க வழி ஏற்பட்டது. டிக்கிரி யார் கையில் இருந்தாலும் இத்தகைய மாறுதல்களுக்குத் தப்ப முடியாது.

குடும்பங்கள் கவனிக்க வேண்டிய மற்றொரு நிபந்தனையும் உண்டு. அண்ணனும் தம்பியும் கூட்டாகக் கொடுக்க வேண்டிய பண டிக்கிரியை அண்ணனே தம் பெயரில் வாங்கிக்கொண்டால், அதை வைத்துத் தம்பியின் சொத்தை ஜப்தி செய்ய அவரால் இயலாது. கடனாளிகளுள் ஒருவருக்கே டிக்கிரி மாறிவிட்டால், மற்றக் கடனாளிகள்மீது அது நிறைவேறாது என்பது 16-ஆவது விதியின் இரண்டாவது நிபந்தனை. தம்பியின் பங்கைக் கேட்டு அவர் தனியே வழக்காட வேண்டும்.

எந்த ஊர்க் கோர்ட்டு?

நம்மைப் போன்ற வெளியூர்வாசிகள் பெரிதும் தடுமாறுவது இங்கேதான். டிக்கிரி கொடுத்தது கும்பகோணத்துக் கோர்ட்டு. கடனாளி இப்போது நாகபுரியில் வேலை பார்க்கிறார். டிக்கிரியை வாங்கியவரும் நாகபுரியில் இருக்கிறார். ஆதலால் நாகபுரிக் கோர்ட்டிலேயே நேரே மனுக் கொடுத்துவிடலாம் என்று எண்ணத் தோன்றும். அது தவறு.

ஒரு கோர்ட்டின் டிக்கிரியை, கடனாளி வசிக்கிற அல்லது அவர் சொத்து உள்ள வேற்றூர்க் கோர்ட்டுக்கு, வேறு மாநிலமாயினும், அனுப்பி நிறைவேற்றலாம் என்பது உண்மையே. டிக்கிரியின் நகல், எவ்வளவு வசூலாகாமல் நிற்கிறது என்ற சான்று ஆகியவற்றோடு முதல் கோர்ட்டு அதனை அனுப்பிவைக்கும். ஆனால் அப்படிப் பெறும் கோர்ட்டுக்கு ஓர் அதிகாரம் மட்டும் இல்லை. டிக்கிரியை மாற்றி வாங்கியவர் கேட்கிறார் என்பதற்காக நிறைவேற்ற உத்தரவிடும் அதிகாரமே அது. சட்டத்தின் 42-ஆவது பிரிவு இதனை வெளிப்படையாக விலக்கிவைத்திருக்கிறது. எனவே வரிசை இதுதான். முதலில் கும்பகோணத்துக்குச் சென்று, நோட்டீஸ் முதலியன முடிந்து, வாங்கியவர் என்று அங்கீகாரம் பெற வேண்டும். பிறகு அங்கிருந்து நாகபுரிக்கு டிக்கிரியை அனுப்பச் செய்ய வேண்டும். இவ்வரிசையை மாற்றினால் பணமும் காலமும் வீண்.

காலம் காத்திராது

டிக்கிரியை நிறைவேற்றக் கேட்பதற்கு 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் கொடுத்திருக்கும் கெடு 12 ஆண்டுகள். டிக்கிரி அமலுக்கு வரத்தக்கதான நாளிலிருந்து இது எண்ணப்படும். தவணை முறையில் கட்டும்படி டிக்கிரி ஆகியிருந்தால், அந்தந்தத் தவணை தவறிய நாளிலிருந்து எண்ண வேண்டும். பன்னிரண்டு ஆண்டு மிக நீண்ட காலம் என்றே தோன்றும். ஆனால் பணிமாற்றம், பிள்ளைகளின் படிப்பு, பெண்ணின் கலியாணம் என்று ஓடுகிற குடும்பத்தில் அது கழிவது தெரியாது. “உடம்பு சரியில்லை, ஊரில் இல்லை” என்று தாமதத்துக்குக் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கும் சலுகை நிறைவேற்று மனுக்களுக்குக் கிடையாது.

டிக்கிரி கைமாறுவதால் இக்கெடு புதுப்பிக்கப்படுவதும் இல்லை. பதினோராம் ஆண்டின் முடிவில் வாங்கியவருக்கு எஞ்சியிருப்பது ஓராண்டே. அதற்குள் அவர் முதல் கோர்ட்டில் மனுக் கொடுத்தாக வேண்டும்.

சம்பள ஜப்தி

அரசாங்க ஊழியர், ரயில்வே ஊழியர் ஆகியோரின் சம்பளத்தைப் பொறுத்தவரை, சட்டம் டிக்கிரிதாரருக்கு ஒரு சௌகரியம் செய்திருக்கிறது. கடனாளியோ, சம்பளம் பட்டுவாடா செய்யும் அதிகாரியோ கோர்ட்டின் எல்லைக்கு வெளியே இருந்தாலும், டிக்கிரி கொடுத்த கோர்ட்டே அந்த அதிகாரிக்கு உத்தரவு அனுப்பி, மாதந்தோறும் பிடித்தம் செய்யச் சொல்லலாம். உத்தரவு வந்தபின் அதை மீறிச் சம்பளத்தை முழுதும் கொடுத்துவிட்டால், நிர்வாகமே அந்தத் தொகைக்குப் பொறுப்பு. தனியார் கம்பெனி ஊழியரானால், பட்டுவாடா அதிகாரி அந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் இருந்தால்தான் இம்முறை செல்லும்.

பிடித்தத்துக்கும் வரம்பு உண்டு. ஜீவனாம்ச டிக்கிரி நீங்கலாக மற்ற டிக்கிரிகளுக்கு, சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. விலக்கப்பட்ட படிகள் நீங்கலாக ஒருவரது சம்பளம் 31,000 ரூபாய் என்று கொள்வோம். ஆயிரம் போக மீதி 30,000. அதில் 20,000 தொடத்தகாதது. எனவே பிடிக்கக்கூடியது மாதம் 10,000 ரூபாய். ஒரே டிக்கிரிக்காக மொத்தம் 24 மாதம் பிடித்துவிட்டால், அதற்குமேல் அந்த டிக்கிரிக்காக அவர் சம்பளத்தில் கை வைக்க முடியாது. ஆக, இவ்வழியில் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 2,40,000 ரூபாய். ஐந்து லட்ச ரூபாய் டிக்கிரியை, “ஆசாமி ரயில்வேயில் இருக்கிறான், பணம் எங்கே போகும்?” என்று நம்பி வாங்குபவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம். பிராவிடண்ட் பண்டு, பென்ஷன், ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசித் தொகை ஆகியவையும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை.

வாரிசுகளுக்கு

டிக்கிரிதாரர் காலமாகிவிட்டால், எந்தப் பத்திரமும் இல்லாமலே உரிமை வாரிசுகளுக்கு வந்துசேர்கிறது. சட்டத்தின் இயக்கத்தினால் மாறுவது என்று விதி கூறுவது இத்தகையதையே. ஆனால் வாரிசு என்று சொல்லிக்கொண்டு வந்தால் மட்டும் போதாது. கடன் தொகைக்கான டிக்கிரியை இறந்தவரின் வாரிசு என்ற முறையில் நிறைவேற்றக் கேட்பவர், கோர்ட்டு வழங்கும் இறங்குரிமைச் சான்றிதழையோ, உயில் இருப்பின் புரொபேட்டையோ, அல்லது நிர்வாக உரிமைப் பத்திரத்தையோ காட்ட வேண்டும் என்று 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 214-ஆவது பிரிவு கூறுகிறது. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் வேறு, கோர்ட்டுக் கொடுக்கும் இந்தச் சான்றிதழ் வேறு. பெயர் ஒற்றுமையால் மயங்கி, முன்னதை வைத்துக்கொண்டே காத்திருந்து காலத்தைக் கடத்துவோர் உண்டு. கணவரை இழந்த சகோதரிகள் இதற்கென வக்கீல் வைக்க வசதியில்லை என்று அஞ்ச வேண்டுவதில்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி அளிக்க 1987-ஆம் ஆண்டின் சட்டம் வகைசெய்திருக்கிறது. ஜில்லாக் கோர்ட்டு வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.

கடை கைமாறும்போது

வெளியூர்களில் ஹோட்டலும் மளிகைக் கடையும் நடத்தும் நம்மவர்கள் வயதானபின் கடையை மற்றொருவருக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். வரவேண்டிய பாக்கிகளும் கடையோடு சேர்ந்து மாறும். அவற்றுள் ஒரு பாக்கிக்காக வழக்கு நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்?

பம்பாயில் இப்படியே ஒன்று நேர்ந்தது. 1948-இல் ஒரு வியாபார நிறுவனம் பாக்கிக்காக வழக்குத் தொடுத்தது. வழக்கு நிலுவையில் இருக்கையிலேயே, 1949 பிப்ரவரியில், தன் பாக்கிகளை எல்லாம் ஒரு பருத்திக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. வழக்கில் பெயர் மாற்றப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் டிக்கிரி பழைய நிறுவனத்தின் பெயரிலேயே ஆயிற்று. பின்னர்ப் புதிய கம்பெனி நிறைவேற்றக் கேட்டபோது, “பத்திரம் எழுதிய நாளில் டிக்கிரியே இல்லையே, இல்லாத டிக்கிரியை மாற்றியது எப்படி?” என்று எதிர்க்கட்சியினர் வாதாடினர். விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1955-இல் வெளியான தீர்ப்பில், 16-ஆவது விதியின்படி இது டிக்கிரி மாற்றம் ஆகாது. ஆயினும் டிக்கிரிதாரரிடமிருந்து உரிமை பெற்றவர் என்ற முறையில், 146-ஆவது பிரிவின்படி புதிய கம்பெனி நிறைவேற்றக் கேட்கலாம் என்று முடிவாயிற்று. 1976-இல் சட்டம் திருத்தப்பட்டபோது இவ்வழி பாதிக்கப்படாது என்று விதியிலேயே விளக்கம் சேர்த்தார்கள். வழக்குக்குரிய வீட்டையோ நிலத்தையோ வாங்கியவர், டிக்கிரியைத் தனியே எழுதி வாங்காமலே நிறைவேற்றக் கேட்கலாம் என்பதும் அவ்விளக்கத்தில் அடங்கும்.

நியாயம் கிடைத்தது, ஆனால் அதற்காக நாட்டின் உச்ச கோர்ட்டு வரை ஏற வேண்டியதாயிற்று. கடை கொடுப்பவரும் வாங்குபவரும் பத்திரத்தில், “இவ்வழக்கில் பின்னர் ஏற்படும் டிக்கிரியும் இன்னாருக்கே” என்று ஒரு வரி சேர்த்து, நடக்கும் வழக்கிலேயே வாங்குபவரைக் கட்சிக்காரராகச் சேர்க்க மனுக் கொடுத்துவிட்டால், இத்தொல்லைக்கே இடமிராது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

டிக்கிரியை வாங்க நினைப்பவர், முதலாவதாக அதன் சான்றிட்ட நகலைத் தாமே பெற்றுத் தேதியைப் பார்க்க வேண்டும். இரண்டாவதாக, அப்பீலோ தடை உத்தரவோ உண்டா, முந்திய நிறைவேற்று மனுக்களில் என்ன நடந்தது, எவ்வளவு வசூலாகியிருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். இப்போது இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கு எண்ணைக் கொண்டு இவற்றுள் பலவற்றை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. மூன்றாவதாக, இந்த டிக்கிரியையே வேறொருவர் முன்னமே ஜப்தி செய்திருக்கிறாரா என்று அறிய வேண்டும். ஜப்திக்குப் பின் செய்த மாற்றம், ஜப்தி செய்தவருக்கு எதிராகச் செல்லாது.

நான்காவது வட்டி. டிக்கிரித் தேதிக்குப் பிந்திய வட்டி, வியாபாரக் கடன் அல்லாதவற்றுக்கு ஆண்டுக்கு 6 சதவிகிதத்துக்கு மேற்படாது. 1,00,000 ரூபாய் அசலுக்கு எட்டு ஆண்டில் அதிகபட்சம் 48,000 ரூபாய். டிக்கிரியில் வட்டியைப் பற்றிப் பேச்சே இல்லையெனில், வட்டி மறுக்கப்பட்டதாகவே பொருள். ஐந்தாவதும் முக்கியமானதும் யாதெனில், கடனாளியிடம் ஜப்தி செய்யத்தக்க பொருள் ஏதேனும் உண்டா என்பது. ஒன்றுமில்லாதவர்மீது பெற்ற டிக்கிரி எத்தனை லட்சத்துக்கு ஆயினும் என்ன பயன்? இறுதியாக, டிக்கிரி பின்னர் ரத்தானாலோ, கொடுத்தவர் முன்பே வசூலித்திருந்தது தெரியவந்தாலோ, கொடுத்த பணத்தை வட்டியுடன் திருப்பித் தருவதாக ஒரு ஷரத்துப் பத்திரத்தில் இருத்தல் வேண்டும்.

கடன்பட்டவர் பக்கம்

நம்மவருள் கொடுக்க வேண்டியவர்களும் இருப்பர் அன்றோ? கடன் கொடுத்தவரின் முகம் மாறினாலும் கடன் மாறாது, கூடவும் செய்யாது. புதியவர் வந்து கேட்டால் அஞ்சி ஒளியாமல், கோர்ட்டு நோட்டீஸை வாங்கிப் படித்து, குறித்த நாளில் ஆஜராகி உள்ளதைச் சொல்ல வேண்டும். எவர் வந்து கேட்டாலும், மாற்றம் உண்மையா என்று தெரியாத நிலையில் கையில் பணம் கொடுத்தல் கூடாது. கோர்ட்டில் கட்டிவிடுவதே பத்திரம்.

பணம் கொடுத்தவர் மறக்கக்கூடாத கடமை ஒன்று உண்டு. கோர்ட்டுக்கு வெளியே செலுத்திய தொகையைக் கோர்ட்டில் பதிவு செய்விக்க வேண்டும். பதிவாகாத செலுத்துதலை நிறைவேற்றும் கோர்ட்டு கணக்கில் எடுத்துக்கொள்ளாது. டிக்கிரிதாரர் தாமாக அறிவிக்காவிடில், கடனாளியே செலுத்திய 30 நாட்களுக்குள் மனுச் செய்தல் வேண்டும். வங்கி வழியாகவோ, எழுத்துச் சான்று நிற்கும் வேறு முறையிலோ செலுத்தியிருந்தால்தான் அம்மனுவுக்கு வலிமை. “அவர் நல்ல மனிதர், ஏமாற்றமாட்டார்” என்று ரசீது இன்றிக் கொடுத்துவிட்டால், அந்த நல்ல மனிதர் நாளைக்கு டிக்கிரியை யாருக்கேனும் மாற்றிக் கொடுக்கக்கூடும். புதியவருக்குப் பழைய வாய்ப்பேச்சு எதுவும் தெரியாது. ஒரே கடனை இருமுறை கட்டும் நிலை இப்படித்தான் உண்டாகிறது.

டிக்கிரி என்பது வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தின் மற்றோர் உருவம். அதைத் தாமே வசூலிக்க முடிந்தவர் வசூலிக்கட்டும். இயலாதவர் முகவரை நியமிக்கட்டும், அல்லது முறைப்படி மாற்றிக் கொடுக்கட்டும். எதைச் செய்வதாயினும் காலம் உள்ளபோதே செய்தல் வேண்டும். இவ்விதழைப் படித்து முடித்தவுடன் பெட்டியைத் திறந்து, டிக்கிரியின் தேதியை ஒருமுறை பார்த்துவிட்டு, ஊரிலுள்ள வக்கீலுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்த விடுமுறை வரையில் அதனை ஒத்திப்போட வேண்டாம்.